லாரிக்கு முன்னால் காணாமல் போகும் இடம்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பேக்கிங். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. யூனிட்டின் சின்ன லோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் வெளிநாடு போய்விட்டார். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று யாரோ சொல்ல, முதலாளியம்மா சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். குட்டியானை என்று ஊரில் எல்லோரும் சொல்கிற வண்டிதான். களிமண் மூட்டை ஏற்றி வருவேன். பொம்மைப் பெட்டிகளை ரயில்வே பார்சலில் இறக்கிவிட்டு வருவேன். ஜங்ஷனுக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற ரோட்டில் எந்தப் பள்ளம் எங்கே என்று என் இடுப்புக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் வெளியூர் லோடு ஏற்றப் பெரிய லாரி வந்தது. கிளீனர் இல்லாமல் டிரைவர் மட்டும் வந்திருந்தார். என் குட்டியானையை லாரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினேன். அவர் கூப்பிட்டார்.

"யம்மா, நீ வண்டி ஓட்டுறவதானே? மேல ஏறி பிரேக்க கொஞ்சம் மிதிச்சுப் புடி. பின்னால லைட்டு எரியுதான்னு பாத்துக்கறேன்."

அதற்கு முன்னால் லாரியில் ஏறியதே இல்லை. படியில் கால் வைத்துக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிப் போட்டேன். சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். புஸ்ஸென்று காற்று இறங்குகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தால் ஊரே வேறு மாதிரி இருந்தது. எங்கள் ஷெட்டின் கூரைமேல் ஒரு செருப்பு கிடந்தது. அடுத்த யூனிட்டில் காயவைத்த பொம்மைகளின் மண்டைகள் வரிசையாகத் தெரிந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வேப்பமரங்கள் இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம்தான் கவனித்தேன். என் வண்டியைக் காணோம்.

"அண்ணே, என் வண்டிய யாரோ எடுத்துட்டாங்க!" என்று கத்தினேன்.

அவர் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கீழ எறங்கிப் பாரு."

இறங்கினேன். வண்டி நான் விட்ட இடத்தில்தான் நின்றது, லாரியின் பம்பரை ஒட்டி. மறுபடி ஏறினேன். கொஞ்சம் எட்டிப் பார்த்தால் கூரையின் ஓரம் ஒரு கோடாகத் தெரிந்தது. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் அதுவும் இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி நான் பார்த்ததைப் பார்த்து, "போதும்மா, லோடு ஏத்தணும்" என்றார்.

அன்று முழுவதும் அதே நினைப்புதான். இத்தனை உயரத்தில் உட்கார்ந்து ஊரையே பார்க்கிற ஆளுக்குக் காலடியில் நிற்கிற வண்டி தெரியவில்லை. அப்படியென்றால் வேறு என்னவெல்லாம் தெரியாது? தெரியாததை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஓட்டுகிறார்கள்?

என் வீட்டுக்காரர் ஜங்ஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு லாரி என்றாலே ஆகாது. ராத்திரி சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன்.

"லாரிக்காரனுக்குக் கண்ணு தெரியாதுன்னு நான் எத்தினி வருசமா சொல்றன். நீ இப்பதான் கண்டுபுடிச்சியா?" என்றார். "பின்னால வந்து ஹாரன் அடிப்பான் பாரு, நெஞ்சே நின்னுடும்."

"தெரியலன்னா அவங்க என்னாங்க பண்ணுவாங்க?"

"ரொம்ப வருத்தமா இருந்தா நீயே ஓட்டிப் பாக்கறதுதானே."

கேலிக்குத்தான் சொன்னார். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த டிரைவிங் ஸ்கூலில் ஹெவி லைசென்ஸுக்குக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எப்ப வரச் சொன்னாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்தச் சண்டை முடிந்துவிட்டது.

ஸ்கூல் லாரி ரொம்பப் பழசு. ஸ்டீயரிங்கைத் திருப்ப நான் சீட்டிலிருந்து பாதி எழுந்திருக்க வேண்டும். கிளட்ச் எட்டவில்லை என்று முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் வேர்க்கடலையைத் தின்றுகொண்டே, "பாத்து, பாத்து" என்பார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லமாட்டார். கேட்டால், "எல்லாத்தையும்தான்" என்பார்.

என்னோடு சேர்ந்து கற்றுக்கொள்ள வந்தவர் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், கல்யாணமாகி இரண்டு பெண்பிள்ளைகள். ஆட்டோ ஒர்க்‌ஷாப்பில் டிங்கர் வேலை பார்த்தவர். "எல்லா வண்டியையும் தட்டித் தட்டி நேராக்கிட்டேன் யக்கா. ஒண்ணையாவது ஓட்டிப் பாக்கணும்" என்று முதல் நாளே சொன்னார். நான் அவரைத் தம்பி என்றேன்.

நானும் தம்பியும் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டதைவிட ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் கீழே நின்று சக்கரத்தைப் பார்ப்போம். முன்சக்கரம் போகிற வழியில் பின்சக்கரம் போகாது என்பதை அப்படித்தான் கண்டோம். வளைவில் அது உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். பஸ் ஸ்டாண்ட் முனையில் தம்பி இடது பக்கம் திரும்பியபோது, பின்சக்கரம் ஒரு பூக்காரம்மா விரித்திருந்த சாக்கின் ஓரத்தில் ஏறி இறங்கியது. அந்தம்மா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து திட்டிய திட்டில், அடுத்த நாளிலிருந்து அந்த முனை வந்தாலே நாங்கள் அகலமாகச் சுற்றினோம்.

தம்பி தைரியமாக ஓட்டுவார். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வேகத்தடை வந்தால் கடைசி நிமிஷத்தில்தான் பிரேக் அடிப்பார். பேசும்போது ரோட்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார். ஒரு நாள் டீக்கடையில் நிற்கும்போது, ஸ்டாண்டுக்குள் வந்த பஸ்ஸைக் காட்டிச் சும்மா கேட்டேன்.

"தம்பி, அது எந்த ஊரு பஸ்ஸு?"

"சிதம்பரம் பஸ்ஸு யக்கா."

"போர்டு படிச்சா சொல்றீங்க?"

பஸ் கிட்டே வந்தது. போர்டில் உளுந்தூர்பேட்டை என்று இருந்தது. தம்பி டீ கிளாஸைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எத்தினி நாளா?" என்றேன்.

"போன வருசத்துலேர்ந்து கொஞ்சம் மங்கலா இருக்குது. எல்.எல்.ஆர். எடுக்கும்போது எப்புடியோ படிச்சிட்டேன். கண்ணாடி போட்டா சோடாபுட்டி டிரைவர்னு எவன் வண்டி குடுப்பான்? அதான் யாருகிட்டயும் சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. அவர் ஓட்டும்போது எத்தனை நாள் நான் கீழே நின்றிருக்கிறேன்! "இன்னிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. இல்லன்னா மாஸ்டர்கிட்ட நானே சொல்லிடுவேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. இரண்டு நாள் ஸ்கூல் பக்கம் வரவில்லை. நான் சொன்னது அதிகமோ என்று கவலையாக இருந்தது.

மூன்றாம் நாள் கண்ணாடியோடு வந்து நின்றார். கறுப்பு பிரேம், முகத்துக்குக் கொஞ்சம் பெரிசு. மாஸ்டர் ஏறிட்டுப் பார்த்து, "கண்ணாடி போட்டு ஓட்டலாம்யா. கழட்டாம ஓட்டணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கடலையை உடைக்கப் போய்விட்டார். இதற்கா இத்தனை நாள் மறைத்தோம் என்று தம்பிக்கு நம்பவே முடியவில்லை. அன்றைக்கு ரோட்டோரம் இருந்த அத்தனை போர்டையும் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டினார். உரக்கடை, பல் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், இங்கு சிறுநீர் கழிக்காதீர். மாஸ்டரே காதைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து டெஸ்ட் வந்தது. மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுக்கச் சொன்னார்கள். கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி ஒரு நடுக்கம் நடுங்கியது. அந்த நடுக்கம் வந்த பிறகுதான் பிரேக்கை விட வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருடைய கண்டுபிடிப்பு. விட்டேன், ஏறிவிட்டது. தம்பிக்கு முதல் தடவை உருண்டுவிட்டது. அடுத்த டெஸ்டில் அவரும் எடுத்துவிட்டார்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்தோம். ஒரு லாரி ஆபீஸில் இருந்தவர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அனுபவம் இருக்குதா?"

"வண்டி குடுத்தாத்தானேங்க அனுபவம் வரும்?"

"அனுபவம் இருந்தாத்தானேம்மா வண்டி குடுக்க முடியும்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார். போன இடமெல்லாம் இதே பேச்சுதான். நான் பொம்பளை என்பதால் மட்டும்தான் இப்படி என்று முதலில் நினைத்தேன். தம்பிக்கும் அதே பதில் கிடைத்ததைக் கேட்டபோது ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. அப்படியென்றால் இந்த ரோட்டில் ஓடுகிற டிரைவர்கள் எல்லாம் முதல் வண்டியை எங்கேதான் பிடித்தார்கள்? டீசல் போட பெட்ரோல் பங்க்குக்குப் போகும்போது லாரிக்காரர்களிடம் அதைத்தான் கேட்டேன். ஒருத்தர் சொன்னார், மச்சானுடைய வண்டி. இன்னொருத்தர் கிளீனராகப் பல வருஷம் இருந்து, டிரைவர் தூங்கும்போது ஓட்டிப் பழகினாராம். மூன்றாமவர் சிரித்துக்கொண்டே, "கரும்பு" என்றார்.

அது என்னவென்று தம்பிதான் விளக்கினார். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டால் டிரைவர்களுக்குப் பஞ்சம். வயலுக்குள் இறங்க வேண்டும், ஆலை வாசலில் வரிசையில் கிடக்க வேண்டும். பழைய டிரைவர்கள் அதற்கு வரமாட்டார்கள். "சீசன்ல லைசென்ஸ் வச்சிருக்குற எவன் வந்தாலும் வண்டி குடுப்பாங்க யக்கா."

அவர் ஊர்ப்பக்கம் லாரி வைத்திருந்த ஒருவரிடம் போனோம். தம்பிக்கு உடனே வண்டி கிடைத்தது. என்னைப் பார்த்து, "உனக்கா?" என்றார். பிறகு ஒரு காலி லாரியைக் காட்டி, வயல் வாசலுக்குள் ரிவர்ஸில் விடச் சொன்னார். ஒரு பக்கம் தென்னை மரம், மறுபக்கம் பம்ப்செட் ரூம். முதல் தடவை இன்ஜின் நின்றுவிட்டது. இரண்டாவது தடவை தென்னையை நோக்கிப் போனேன். நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நடந்து பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை உள்ளே போய்விட்டது.

"இறங்கிப் பாத்தியே, அதுக்காகக் குடுக்கறன்" என்றார்.

யூனிட்டில் முதலாளியம்மாவிடம் சீசன் முடிகிற வரைக்கும் லீவு கேட்டேன். "போய்ட்டு வா. வண்டி ஓட்டத் தெரிஞ்சதும் எங்கள மறந்துடாத" என்றார்.

பெண்ணாடம் சுற்றுவட்டாரத்தில்தான் முக்கால்வாசி லோடு. வெட்டு ஆட்கள் கட்டுக்கட்டாகத் தலையில் தூக்கிப் பலகை வழியே லாரிமேல் ஏறி அடுக்குவார்கள். அடுக்கி முடித்தபோது என் சைடு கண்ணாடியில் கரும்பு மட்டும்தான் தெரிந்தது. மண் வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது மொத்த லோடும் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபடி நேரானது. தெருவுக்குக் குறுக்கே தொங்குகிற ஒயர், தாழ்ந்த புளியங்கிளை, கரும்பு உருவ ஓடி வருகிற பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கண் வேண்டியிருந்தது. இரண்டு கண் எப்படிப் போதும் என்றுதான் தோன்றியது.

லோடெல்லாம் சர்க்கரை ஆலைக்குத்தான். வாசலில் லாரி, டிராக்டர், மாட்டுவண்டி எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் பின்னால் எல்லோரும் ஒரு வண்டி தூரம் நகர வேண்டும். அதனால் எங்கேயும் போக முடியாது. அந்த வரிசையில் ஒரு ஊரே நடந்தது. ஒருத்தர் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்து ரசம் கொதிக்க விடுவார். ஒருத்தர் கேபினுக்குள் துணி காயப்போடுவார். ஒருத்தர் போனில் மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். நான் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தேன். முதல் நாள் செக்யூரிட்டி வந்து, கதவோரம் நின்று, "டிரைவர் எங்கம்மா போயிருக்காரு?" என்றார். "இங்கதாங்க இருக்குறேன்" என்றேன். அவர் என்னைத் தாண்டி கேபினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, வந்ததும் வண்டிய முன்னால எடுக்கச் சொல்லு" என்று போய்விட்டார்.

சிரிப்பாக இருந்தது. சிரிக்க முடியாத விஷயம் வேறு இருந்தது. ஆண்களுக்கு வேலியோரம் போதும். நான் எங்கே போவது? அதனால் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். காலையில் ஒரு வாய் காப்பி, அப்புறம் வீட்டுக்கு வந்துதான். கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது, அடிவயிற்றில் எரிச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்.

"தண்ணியே குடிக்கறது இல்லியா?"

"குடிச்சா போவணுமே டாக்டர்."

மாத்திரை எழுதிவிட்டு, "அங்க வேற பொம்பளைங்களே இல்லியா? அவங்க எங்க போறாங்கன்னு கேட்டியா?" என்றார்.

எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற எனக்கு இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை, வெட்கம்தான். மறுபடி போனபோது, ஆலை வாசலில் கூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றேன். கூட்டுகிற பெண்களுக்கென்று எடைமேடைக்குப் பின்னால் ஒரு பாத்ரூம் இருந்தது, பூட்டுப் போட்டு. விஷயத்தைச் சொன்னதும் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். "ஏன்டி, கேட்டா தரமாட்டமா? இத்தினி நாளா அடக்கிக்கிட்டா கெடந்த?" அன்றைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

சீசன் பாதி தாண்டியிருக்கும். ஒரு மதியம் லோடை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு விருத்தாசலத்துக்குள் வந்தேன். முன்னால் நின்ற பஸ் ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. நானும் நின்றேன். பஸ் கிளம்பியது. கியர் போட்டு, கிளட்சை விடப் போனேன். படபடவென்று பம்பரில் யாரோ அடிக்கிற சத்தம். அப்படியே பிரேக்கை மிதித்தேன். கண்ணாடிக்கு அடியிலிருந்து ஓர் அம்மா வெளியே வந்தார், கையில் பால்கேன். எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் குறுக்கே போயிருக்கிறார். அவர் தலைகூட எனக்குத் தெரியவில்லை.

"கண்ணு இல்லியா உனக்கு?" என்று சுற்றிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் இன்னும் ஏறிவிட்டார். "ஐய, பொம்பளயா நீ? பொம்பளயா இருந்துக்கிட்டு ஆளு நிக்கறது தெரியலியா?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலை வைத்துக்கொண்டேன். இந்த இடத்தில் ஒரு வண்டியே காணாமல் போகும் என்று தெரிந்துகொண்டதால்தானே லாரி ஓட்டவே வந்தேன்? தெரிந்தும் என்ன பிரயோஜனம்?

வீட்டில் சாப்பிடப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டுக்கேட்டு விஷயத்தை வாங்கினார். வழக்கமாக லாரிக்காரனைத் திட்டுகிற அவர் அன்றைக்குத் திட்டவில்லை. "ஞாயித்துக்கெழம வண்டி சும்மாதானே நிக்கும்? ஏரிக்குக் கொண்டாறியா? நான் ஆட்டோவ எடுத்துக்கிட்டு வரேன். எங்கெங்க தெரியலன்னு பாத்துடலாம்" என்றார்.

தண்ணீர் வற்றிய ஏரியில் பொட்டலாக இடம் கிடந்தது. நடுவில் லாரியை நிறுத்தினேன். யூனிட் குப்பையிலிருந்து உடைந்த பீங்கான் துண்டுகளை ஒரு சாக்கில் அள்ளி வந்திருந்தோம். நான் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் ஆட்டோவை லாரிக்கு முன்னால் பம்பரை ஒட்டி நிறுத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்.

"தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல. இன்னும் போங்க."

"இப்ப?"

"கூரை தெரியுது!"

அந்த இடத்தில் இறங்கி ஒரு பீங்கான் துண்டைப் போடுவார். இப்படியே லாரியைச் சுற்றி வந்தோம். வலது பக்கம் பரவாயில்லை, கதவோரம் கொஞ்சம்தான். இடது பக்கம் போகப் போக எனக்கே பயமாகிவிட்டது. முன்முனையிலிருந்து கதவைத் தாண்டிப் பின்சக்கரம் வரைக்கும் ஆட்டோ மொத்தமாக மறைந்துபோனது. அவர் குரல் மட்டும் கேட்கிறது, ஆள் இல்லை. பின்னால் போனவர் எவ்வளவு தூரம் போயும் தெரியவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் மறுபடி முளைத்தபோது, ஒரு வீதி தள்ளி நிற்கிற மாதிரி இருந்தார்.

சாக்கு காலியானதும், "எறங்கு. நான் பாக்கறேன்" என்றார். லாரி படியில் அவர் கால் வைத்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தார். நான் இடது பக்கம், கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்க இருக்குற?"

"இங்கதான் இருக்குறேன்."

"எங்கடி?"

"எடது பக்கக் கதவுகிட்டதான்!" என்று தகரத்தைத் தட்டினேன்.

அவர் இறங்கி வந்தார். தரையில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்த துண்டுகளை ஒட்டி ஒரு சுற்று நடந்தார். இடது முன்முனையில் வந்து நின்றுவிட்டார்.

"நான் தெனமும் இங்கதான் நிக்கறேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். லாரி நின்றால் ஆட்டோவை இடது பக்கம் நுழைத்துக் கொண்டுபோய் லாரி மூக்குக்கு நேராக நிறுத்திக்கொள்வார்களாம். பஸ் ஸ்டாண்ட் முனையில் முதலில் கிளம்பிவிடலாம் என்று. ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான். "ஹாரன் அடிக்கறான், திமிருன்னு நெனச்சன். அவனுக்கு என்னத் தெரியவே தெரியாது போல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டிலிருந்து ஆறேழு ஆட்டோ ஏரிக்கு வந்தது. தம்பியும் வந்தார். ஒவ்வொருத்தராக ஏறிப் பார்த்தார்கள். ஒருத்தர், "சீட்டு ஒசரம் பத்தாது, அதான்" என்றார். இன்னொருத்தர், "கழுத்த வளச்சிப் பாத்தா தெரியும்" என்று வளைத்துக் காட்டினார், தெரியவில்லை. பெரிய வாக்குவாதம் நடந்தது. தம்பி டிங்கர் வேலை பார்த்தவர் அல்லவா, முன்கண்ணாடிக்கு மேலே கம்பி வளைத்து, கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி ஒரு குமிழ்க்கண்ணாடி மாட்டலாம் என்றார். லாரி முதலாளியிடம் கேட்டோம், மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். முன்பக்கம் முக்கால்வாசி தெரிய ஆரம்பித்தது. இடது பக்கம் இன்னும் பாதி இருட்டுதான். நின்ற வண்டியை எடுக்கும்போது ஒரு தடவை சின்னதாக ஹாரன் அடித்து, கொஞ்சம் பொறுத்துத்தான் கிளட்சை விடுவேன். என் வீட்டுக்காரர் இப்போது லாரிக்குப் பின்னாலேயே நிற்கிறார். சவாரிக்காரர்கள் அவசரப்படுத்தினால் ஏரிக்கரைக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாராம்.

சீசன் முடிந்தது. தம்பி அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரிக்குப் பேசி வைத்திருந்தார். போவதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. முதலாளியம்மாவுக்கு ஈரோட்டுக்கு ஃபியூஸ் கட்டை லோடு போக வேண்டியிருந்தது. புக்கிங் லாரி வரவில்லை. என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒடையாம கொண்டு போயிடுவியா?"

"அடுக்கறத நானே அடுக்கிக்கறேம்மா."

கரும்பு லாரியைப் பேசி எடுத்துவந்து, தரையில் வைக்கோல் பரப்பி, பழைய பேக்கிங் ஆட்களோடு நானும் நின்று பெட்டி பெட்டியாக ஏற்றினேன். தார்பாய் கட்டித் தம்பியைத் துணை டிரைவராகக் கூட்டிக்கொண்டு, விடியும்போது கிளம்பினோம். கரும்பு சாய்ந்தாலும் கரும்புதான். இது ஒவ்வொரு குலுக்கலிலும் பின்னால் கிணுகிணுவென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். சத்தம் கூடினால் வேகத்தைக் குறைப்பேன். உளுந்தூர்பேட்டை தாண்டிய பிறகு நான் அதுவரை பார்க்காத ஊர்கள். கள்ளக்குறிச்சிக்கு அப்பால் மலை தெரிய ஆரம்பித்ததும், "யக்கா, ரோட்டப் பாருங்க" என்று தம்பி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஈரோட்டில் குடோன்காரர் பெட்டியைப் பிரித்து, கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். நல்லதென்றால் மணி மாதிரி கேட்கும். உடைந்ததெல்லாம் ஒரு முறத்துக்குள் அடங்கிவிட்டது. வழக்கமாக வருவதைவிடக் குறைவுதான் என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போனார். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். அங்கேயே ஒரு ஹாலில் டிரைவர்கள் தங்க இடம் இருந்தது. முதலாளியம்மா போனில் பேசி, குடோன் வீட்டுப் பெண்களோடு எனக்குப் படுக்க ஏற்பாடு செய்துவிட்டார். அந்த வீட்டுக்காரம்மா லாரியைப் பற்றி என்னைக் கேட்ட கேள்விகளைப் பார்த்தால், அவரும் ஏறிவிடுவார் போலிருந்தது.

மறுநாள் காலி வண்டியோடு திரும்பினோம். சின்னசேலத்துக்கு அருகில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சீட்டில் நல்ல தூக்கத்தில் இருந்தார். எதிர்ப்பக்கம் சேலம் நோக்கி ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி முகம் கழுவிவிட்டு, டீ சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். என் லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்தது என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். டிரைவர் எங்கே? அல்லது, நீயா ஓட்டுற?

"யக்கா, வாழப்பாடிகிட்ட ரோடு வேல நடக்குதாமே, வழி வுடறாங்களா?" என்றார்.

"ஒரு பக்கம் அடச்சிருக்காங்க. மண்ணு ரோட்டுல எறங்கி ஏறணும். என்னா லோடு?"

"கண்ணாடி."

"அப்ப பைய போங்க. எறங்குற எடத்துல எடது பக்கம் ஒரு பள்ளம் இருக்குது. வலது பக்கமாவே புடிச்சிக்கிட்டுப் போனீங்கன்னா தப்பிச்சிக்கலாம்."

"சரிக்கா" என்றார். டீயைக் குடித்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று லோடை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினார்.

நான் அவர் கேட்ட கேள்வியையே நினைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி எந்த ஊரிலிருந்து வருகிறது, அதை உடையாமல் எப்படி நிறுத்திக் கட்டுகிறார்கள் என்று எனக்குக் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. ஞாபகம் வந்து திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் லாரி ரோட்டில் ஏறிவிட்டது.